சூடு என்று ஒரு குரல்

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "சூடு!" என்று கத்திப் பார்த்தேன். "அக்கா, வெந்நீரக் கொட்டிக்கிட்டீங்களா?" என்று அறைத்தோழி ஓடிவந்துவிட்டாள். சிரிக்காதீர்கள். உங்கள் மூட்டுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் வேலை செய்யும் கேன்டீனில் கொதிக்கும் பாத்திரத்தோடு யாருக்காவது பின்னால் கடந்து போகும்போது "சூடு" என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். பூனைபோல் நடக்கிறேன் என்று நீங்களே சொல்வீர்களே. நேற்று அப்படிக் குரல் கொடுக்காமல் போனபோது, காய் நறுக்கும் அக்கா திரும்பி இடித்துவிட்டார். என் மணிக்கட்டில் கொஞ்சம் வெந்நீர் பட்டது, அவ்வளவுதான். பற்பசையைத் தேடினேன். "பல்லா வெந்துச்சு? கைய குழாய்க்கு அடியில நீட்டு!" என்று சமையல்காரர் இருபது நிமிடம் நிற்கவைத்தார். கொப்புளம்கூட வரவில்லை.

நின்ற நேரமெல்லாம் ஒரே யோசனை. இத்தனை வருடம் சமைத்தும் நம் வீட்டில் நான் ஏன் ஒருநாளும் குரல் கொடுத்ததில்லை? சின்னவள் பக்கத்தில் இருந்தால், சோறு வடிக்கும்போது நீங்களாவது சொல்லிவிட்டு நகருங்கள். உங்கள் பழைய பருத்திச் சட்டையில் இரண்டு பிடிதுணி வெட்டி அனுப்புங்கள். இங்கே கடையில் கிடைக்கும்தான், ஆனாலும் அனுப்புங்கள்.

பார்க்காமல் திரும்பியது அந்த அக்காவின் தவறு என்று மேலாளர் விபத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறார். இது இரண்டாவது முறை என்பதால் அக்காவின் வேலை போய்விடும். "சத்தமே கேக்கலையே சார்" என்று அழுதார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று படிவத்தில் நான் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை அடித்துவிட்டு, "சூடு" என்று சொல்லாமல் போனது நான்தான் என்று எழுதப் போகிறேன்.