நஸ்ரினின் கழுத்து

என் உயிர் லாத்தா, என் அக்கா,

உன்னை ஊட்டி ஊட்டியே கொன்றார்கள்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே உனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். கடையநல்லூரில் உன் புகுந்த வீடோ, "ரெண்டு உசுருக்குத் தின்னுட்டி" என்று நெய்ச்சோற்றால் தட்டை நிரப்பியது. நஸ்ரின் நாலு கிலோவுக்கு மேல் பிறந்தாள். பயில்வான் என்று தெருவெல்லாம் தூக்கிக் காட்டினார்கள். அந்த எடையைப் பார்த்துப் பயப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரசவத்துக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உன் நாத்தனார் பாத்திமா மைனி சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "புள்ளையோட வந்த சீக்கு புள்ளையோட போச்சு." நீயும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாய். இரண்டாவது பிள்ளை உண்டானபோது சர்க்கரை ஏற்கெனவே உனக்குள் குடியிருந்தது. பிரஷரும் சேர்ந்துகொண்டது. எட்டாம் மாதம் வலிப்பு. உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் ஒரே நாளில் அடக்கினோம். எல்லாம் நசீபு, தலையெழுத்து என்றார்கள். நசீபா லாத்தா அது?

நீ போனபின் நஸ்ரினை மைனிதான் வளர்க்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலச் சாரலுக்கு ஐந்தருவி போனோம். பெண்கள் பக்கம் அவளை நிறுத்தி, மைனி காய்ந்த பீர்க்கங்காய் நாரால் கழுத்தைத் தேய்த்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் பிடரியில் கருப்பாக, தடிப்பாக ஒரு பட்டை.

"அசையாத புள்ள. எத்தன நாளா தேய்க்கேன், இந்த அழுக்கு போவுதா பாரேன்."

"வலிக்குது மாமி!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "எக்கா, அது புள்ள கழுத்தா, பிரியாணி அண்டாவா? இந்தத் தேய் தேய்க்கிய!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரினும் சிரித்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வெளியே வந்ததும் சமாதானத்துக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் கழுத்தைப் படம் எடுத்துத் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"இது அழுக்கு இல்லம்மா. இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா தோல் இப்படிக் கறுக்கும். இவ அம்மாவுக்குச் சுகர் இருந்துச்சா?"

நஸ்ரின் வயிற்றில் இருந்தபோதே இருந்ததைச் சொன்னேன். வயிற்றுக்குள்ளேயே அந்தச் சர்க்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே நோய் வர வாய்ப்பு அதிகமாம். உடனே ரத்தம் பார்க்க வேண்டும், இப்போது சாப்பாட்டை மாற்றினால் தடுக்கலாம் என்றார்.

மைனியிடம் ஓடினேன்.

"பொட்டப்புள்ளைக்குச் சுகருன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? இதச் சொல்லவா வந்தே? இனிமே இங்கன வராத."

ஒன்பது வயது லாத்தா. கல்யாணத்துக்கு மறைக்கிறார்கள். உனக்கு நோய் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்றுதானே இரண்டாவது தடவை உன்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை? அந்தக் கௌரவத்துக்கு இன்னும் எத்தனை பேர் வேண்டும்?

அவளை நான் விடமாட்டேன். யார் வாசலை அடைத்தாலும் அவளை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்று காலை சவுதியில் தம்மாமில் இருக்கும் உன் வீட்டுக்காரர் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். "மச்சான், உங்க மவளுக்கு ரத்தம் பாக்கணும். கூட்டிட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மைனி என்னை வாசப்படி ஏத்த மாட்டேங்காவ. நீங்க சொன்னாத்தான் விடுவாவ. சொல்லுங்க மச்சான்."

நீல டிக் விழுந்துவிட்டது, கேட்டுவிட்டார். இதுவரை பதில் இல்லை.

உன் தங்கை,
நஸ்ரினின் சாச்சி