இலைகளைத் திரும்பப் போட்டுவிட்டேன்

என் தங்க மகளுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இது உன் அலுவலக முகவரிக்கு வந்திருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பாய். வீட்டு முகவரி எனக்கு மறக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டுச் சங்கதி.

அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவர் பழைய வாஷரையே துடைத்துப் போட்டுவிட்டுப் புதிது என்று சொல்லிவிட்டுப் போனார் என்பது என் சந்தேகம். "உலகத்துல எல்லாரும் டிக்கெட் இல்லாமத்தான் திரியறாங்கன்னு நெனப்பு உங்களுக்கு" என்கிறாள் அம்மா. என்ன செய்வது, ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே நரைத்த தலை இது. நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் திறந்திருக்கும், தூங்குவதுபோல் நடிக்கிறவனுக்கு மூடியிருக்கும் என்று படித்த பாடத்தை ஓய்வு பெற்றதும் மறந்துவிட முடியுமா?

உன் மீன் தொட்டி விஷயத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபிக்காமல் படி.

கல்யாணத்துக்கு முன்னால் நீ பார்த்துப் பார்த்து அமைத்த தொட்டி அது. அடியில் மணல், குறுக்கே அந்தக் கோணல் வேர், தரை முழுக்கக் காய்ந்த வாதாம் இலை, சுவரைப் பார்த்து வாய் திருப்பிய ஒரு கொட்டாங்குச்சி. தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். காசு கொடுத்து மீன் வாங்கி யாராவது குப்பைக்குள் ஒளித்து வைப்பார்களா என்று நான் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "இது சிக்லிட்னு சின்ன ஜாதி மீன், செக்கர் சார். ஆத்துல இலைக்கு அடியிலதான் இருக்கும். ஒரு மூலையில நின்னா இன்னொரு மூலை தெரியக் கூடாது, அப்பத்தான் ரெண்டும் ஒரே தொட்டியில பொழைக்கும்" என்றாய். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

நீ போனபிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. ஆண் மீன் மட்டும் நீலப் பட்டு உடுத்திய மாப்பிள்ளை மாதிரி முன்னால் வந்து நிற்கிறது. பெண்ணைக் கண்ணிலேயே காணோம். நோயோ, செத்துவிட்டதோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று யோசித்து யோசித்து, போன மாதம் இலைகளை அள்ளி எடுத்தேன். வேரையும் கொட்டாங்குச்சியையும் மொட்டைமாடியில் போட்டேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஊற்றினேன். ஆளில்லாத ரயில் பெட்டி போல இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை எல்லாம் தெரிந்தது. நாற்காலியைப் போட்டுப் பெருமையாக உட்கார்ந்து பார்த்தேன்.

ஓரிரு நாள்தான். இலைக்கடியில் இருந்த அந்தச் சின்னப் பெண் மீன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் வந்து நின்றான். யாராவது பார்க்க வந்தால் போதும், துடுப்பை விரித்து அழகாக நிற்பான். எதிர்வீட்டு வாத்தியாரம்மாகூட "எவ்ளோ சாதுவா இருக்கு" என்று மெச்சிவிட்டுப் போனார். அவர் நகர்ந்ததும் மறுபடி துரத்தல். அவள் வெளிறிப்போய், வால் கிழிந்து, மேல்மட்டத்தில் ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். தீனி போட்டால் தீனியைப் பார்க்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று முதலில் பார்த்தாள்.

அந்தப் பார்வையைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் அம்மாடி. அதை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். வீடியோ காலில், உன் முகத்தில்.

நான் ஏதாவது கேட்டால் உன் கண் முதலில் போனுக்கு மேலே எங்கேயோ போகிறது. பிறகுதான் "நல்லா இருக்கேம்பா" வருகிறது. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறார் என்றாய். உன் இரண்டு கையும் எனக்குத் தெரிகிறது, பின்னால் யாரோ டம்ளரில் ஸ்பூன் போட்டுக் கலக்குகிற சத்தமும் கேட்கிறது. அந்த வெயில் ஊரில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். போன் கட்டாகிவிட்டது.

உன் எண்ணிலிருந்து வருகிற செய்திகளும் எனக்குப் பிடிக்கவில்லை. "அப்பா, நான் நலம். வேலை அதிகம். அடிக்கடி அழைக்க வேண்டாம்." என்னைச் 'செக்கர் சார்' என்று கூப்பிடாமல் நீ எதையும் ஆரம்பித்ததில்லை. பரீட்சைத் தாளிலேயே முற்றுப்புள்ளி வைக்காதவள், எனக்கா வரிக்கு வரி வைக்கப்போகிறாய்? அதை எழுதியது நீ இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் அலுவலகத்துக்கு.

மாப்பிள்ளை என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறார். "மாமா, உடம்பப் பாத்துக்குங்க" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் உருகியிருக்கிறேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியது, ஆயுளில் ஒரு தடவை, இந்தச் சம்பந்தத்தில்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாள். சந்தேகப்பட்டு மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சண்டை போட்டாள். மறுநாள் பார்த்தால் உன் அறையைத் திறந்து, போர்வை தலையணை உறையெல்லாம் துவைத்து உலர்த்திக்கொண்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன். தூசியாக இருந்ததாம்.

நான் மொட்டைமாடியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இலைகளைக் கொதிக்க வைத்து ஆற்றிப் போட்டேன். வேரைக் குறுக்கே வைத்தேன். கொட்டாங்குச்சியின் வாயை நீ வைத்த மாதிரியே சுவர்ப்பக்கம் திருப்பினேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடவில்லை. நேற்று தலையை நீட்டினாள், வெளிறிய உடம்பில் கொஞ்சம் மஞ்சள் நிறம் ஏறியிருக்கிறது.

வேலையில் இருந்தவரை என் சந்தேகம் பலிக்க வேண்டும் என்று துடித்தவன் நான். இந்த ஒன்று மட்டும் பொய்யாகப் போகட்டும். பொய் என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

மெய் என்றால், அவரிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே. அவனிடம் சண்டைக்கும் போகாதே, விளக்கமும் சொல்லாதே. பார், எழுதும்போதே மரியாதை போய்விட்டது, அடித்துத் திருத்த மனமில்லை. அலுவலகப் போனிலிருந்து அம்மாவின் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. அன்றைக்கே வண்டி ஏறுவேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன், அலுவலக வாசலில் நிற்பேன். என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். ஊரார் கேட்டால் அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், அவளே ஒப்புக்கொண்டாள்.

உனக்குத் தீர்க்காயுசும் தைரியமும் கிடைக்கட்டும். எங்களுக்காக நன்றாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளாதே. நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா

அம்மா எழுதறேன். அப்பா எழுதினத முழுக்கப் படிச்சேன். மிஸ்டு கால் எல்லாம் வேண்டாம். கெளம்பி வா கண்ணு.