இருமல் நின்ற பிறகு வருகிறேன்

அன்புள்ள அஞ்சு,

நீ போனை எடுக்காததால் இதை உன் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் என் ரப்பர் கடைக்கே வந்து, "அத்தான், பொட்டப்பிள்ளன்னுதான் பாக்க வரல்லியா? குலசேகரம் முழுக்க இதான் பேச்சு" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான்.

எனக்குச் சளியும் இருமலும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையிடம் இதோடு எப்படி வருவது?

சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் போய், உடனே கேட்கிற மாதிரி பலமான ஆன்டிபயாட்டிக் எழுதச் சொன்னேன். "ஓய் முதலாளி, இது வைரஸ் சளி. அந்த மருந்து இதத் தொடாது. வேண்டாத்ததுக்கெல்லாம் தின்னா கிருமி மருந்துக்குப் பழகிப்போவும். அது ஒட்டினா, உமக்கும் பிள்ளைக்கும் நிஜமா வேணும்போ கேக்காமப் போவும்" என்றார். சரக்கைப் பார்த்ததும் தரம் சொல்கிறவன் நான். அவர் சொன்னது நல்ல சரக்கு. அந்த மருந்தை வாங்காமலே திரும்பினேன்.

பார்க்க வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், முத்தம் வேண்டாம். உன் தம்பிக்கும் சேர்த்துத்தான். யாராவது கோபித்தால் என் பெயரைச் சொல். அது ஏற்கெனவே கெட்டதுதானே.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் வீட்டு கேட் வரை வந்தேன். உள்ளே அவள் அழுதாள். நல்ல பலமான குரல். அழுது முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

உன் வீட்டுக்காரன்