படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை

அண்ணனுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் அண்ணியும் சுகம் என்று நினைக்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவுக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். அதற்கு நீதான் காரணமாம். முழுசாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

போன வாரம் அம்மாவை அப்பாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அப்பா இறந்ததும் நீ நினைவில்லக் கமிட்டிக்குத் தூக்கிக் கொடுத்து, அவர்கள் காட்சியகமாக்கிய அதே வீடு. அம்மா அப்பாவோடு சண்டை போட்டு, என்னை இழுத்துக்கொண்டு வெளியேறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. உருவம் தெரியும், எழுத்து தெரியாது. ஆபரேஷனில் என்ன ஆகுமோ, அதற்குள் தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடணும் என்று நச்சரித்தாள். சொந்த வீட்டு வாசலில் வரிசையில் நின்றோம்.

சுற்றிக்காட்டும் பெண் மனப்பாடம் ஒப்பித்தாள். ஓவியர் தனிமை விரும்பியாம். தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் அவர் தம் கையால் நட்டதாம். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மனுஷனுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும் என்றே தெரியாது, கிணற்றில் இறைத்து ஊற்றினதெல்லாம் நான் என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, செம்பருத்தியைத் தொடாதீர்கள் என்றாள். அம்மா நட்ட செம்பருத்தியை!

அப்புறம் பின்பக்க அறை. அங்கே அம்மாவின் படம். குனிந்து செடிக்குக் குழி தோண்டுகிறாள், நெற்றியில் மண். கீழே பித்தளைத் தகட்டில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? "ஓவியரின் வேலைக்காரி." தெரியுமா என்று உன்னைப் போய்க் கேட்கிறேன் பார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என்னடி எழுதியிருக்கு, வாசி என்றாள். "ஓவியரின் வீட்டுக்காரி" என்று வாசித்தேன். அப்பா ஊரெல்லாம் அவளை அப்படித்தானே சொல்வார்? அந்தப் பெண் வாயைத் திறக்கப் போனாள். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள். அம்மா தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள். அவர் மகன் கொடுத்த பட்டியல்படி என்றாள் அந்தப் பெண். என்னோடு பேசாவிட்டால் என்ன, பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவில்லையே என்று அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

அவளைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்க் கத்தினேன். மேனேஜர் பட்டியலை எடுத்துப் போட்டார். உன் கையெழுத்தேதான். என் தொல்லை தாங்காமல் படத்தையும் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்னால் அப்பாவின் சாய்ந்த எழுத்து: "என் வீட்டுக்காரி, செம்பருத்தி வைத்த அன்று." பார்த்து எழுதும்போது இரண்டு எழுத்து மாறியிருக்கும் மேடம் என்றார் மேனேஜர், பாவம். சொல்வதெழுதுதலில் ஒரு நாளும் பிழை விடாதவன் நீ என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பாவை விட்டுப் போனாள் என்று உனக்குக் கோபம். கோபப்படு, வேண்டாம் என்று யார் சொன்னது? நான்கூடத்தான் அவளோடு தினமும் சண்டை போடுகிறேன். ஆனால் அவள் விட்டுவிட்டு வந்த மனுஷனே அவளை அப்படி எழுதவில்லை. நீ யாரடா எழுத?

தகட்டை மாற்ற, வீட்டைக் கொடுத்தவர் கடிதம் வேண்டுமாம். நான் எழுதினால் செல்லாதாம். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே ஒரு வரி எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு நேரே அவர்களுக்கு அனுப்பு. ஆபரேஷன் வரும் புதன்கிழமை. ஒரு மாதத்தில் எழுத்து தெரியும் என்கிறார் டாக்டர். அன்றைக்கே போய் அந்தத் தகட்டைத் தானே வாசிக்கணுமாம் அவளுக்கு. நான் எத்தனை நாள் சாக்குச் சொல்லித் தடுப்பேன்?

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்குத்தானே எழுதுகிறாய், என் ஆசீர்வாதத்தையும் எழுது என்று பிடுங்குகிறாள். எனக்கு மனசே இல்லை. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: நீ நன்றாக இருக்கணும். அவளை வீட்டுக்காரி என்று எழுதிய உன் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
வீட்டுக்காரியின் மகள்