உருளைக்கிழங்கு சாலடும் இயற்பியல் வகுப்பும்

பிர்ச்வாட்டர்,
மார்ச் 14

அன்பு மகன் தாரஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே யூக்கான் சுரங்கத்தில் லாரி ஓட்டும் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசி வருடத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் வாரம் இது, பள்ளி ஆலோசகர் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் படும் பாடு உனக்குத் தெரியும். மாட்டு வைத்தியராக ஆசைப்படும் பிராடி, உணவுக்கூடத்துக்குப் பக்கத்து அறைகளில் என்ன பாடம் நடக்கிறதோ அதை எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறான். உயிரியல் வேண்டாமா என்றால், மாட்டுக்கும் எனக்கும் ஏற்கெனவே நல்ல பழக்கம் டீச்சர், நடுவுல புஸ்தகம் எதுக்குன்னு கேட்கிறான். இயற்பியலுக்குப் பெயர் கொடுத்தது ஜோலீன் பெல்டியே ஒருத்திதான். அவளுக்குப் பாலம் கட்டும் பொறியாளராக வேண்டும், இயற்பியல் இல்லாமல் கல்லூரியில் அவள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பத்துப் பேர் சேராத பாடம் நம் பள்ளியில் நடக்காது.

பெற்றோர்கள் பார்த்தாலாவது பிள்ளைகளுக்குச் சொல்வார்களே என்று இயற்பியலுக்குப் பெயர் எழுதும் தாளைக் கொண்டுபோய், ஊரே பனியில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் அரங்கத்துப் பலகையில் குத்தி வைத்தேன். பக்கத்திலேயே ஆட்டப் பருவ முடிவு விருந்துக்கு யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்ற தாள் இருந்ததை நான் யோசிக்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்குக் காலிக் கோடு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஜோலீன் பெயருக்குக் கீழே எட்டுப் பேர். முன்பு படித்த பாடம் என்ற இடத்தில் பாஸ்டர் லிண்ட்கிரென் பன்றித் தொடை என்று எழுதியிருக்கிறார், அரங்கத்தில் பனித்தளம் போடும் எல்மர் உருளைக்கிழங்கு சாலட், அவருக்குக் கீழே இன்னும் ஐந்து பேர் உருளைக்கிழங்கு சாலட். கடைசியாக, கண்ணாடி போடாமல் போன உன் அப்பா, பெரோகி கொழுக்கட்டை ஐந்து டஜன்.

ஒவ்வொருவர் வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, பெயரை அடித்துவிடட்டுமா என்றேன். ஒருவர்கூடத் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ளவில்லை. எல்மர், படிச்சுப் பாத்துத்தாம்மா போட்டேன், ரொம்ப நாள் ஆசைன்னு கதவைப் பிடித்துக்கொண்டே சொல்கிறார், முகம் வெளுத்துவிட்டது. பாஸ்டர், போட்ட பேர அடிச்சா நாளைக்கு நான் எப்படிப் பிரசங்கம் பண்றதுன்னு கேட்டார். உன் அப்பா, ஒட்டுனவ நீ, சொல்லாதவளும் நீ, இப்ப நான் நியூட்டன படிக்கணுமான்னு ஒரு கத்து கத்திவிட்டு, மறுநாள் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் கிளாசன் இரண்டு நாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கொறஞ்ச வயசுதான் போட்டிருக்கு, கூடுன வயசு போடல, சேத்துக்கலாம், ஆனா சாலட்ட முன்தகுதியா எடுத்துக்க முடியாதுன்னு சிரிக்காமல் சொன்னார். அது போகட்டும், விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து அந்தப் பலகைப் பக்கம் ஆளே வருவதில்லை, எல்லாரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரமாகப் போகிறார்கள். விருந்துத் தாளும் வெள்ளையாகக் கிடக்கிறது.

நேற்று ஜோலீன் என் அறைக்கு வந்தாள். ஒம்பது டீச்சர், ஒருத்தர்தான் கொறையுது, என் பேரையே ரெண்டு தடவ எழுதிக்கட்டுமான்னு கேட்டாள். ஒன்பது என்றதும் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய் தாரஸ். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நீயும் அதே அறையில் உட்கார்ந்து, இயற்பியலுக்கு ஒம்பது பேர்தாம்மா என்றாய். நான் ரப்பரை எடுத்து உன் பெயரை அழித்துவிட்டு மரவேலை வகுப்பில் எழுதினேன், எல்லாம் ஒன்றுதான் என்றும் சொன்னேன். ஒன்றில்லை என்று எனக்கு அப்போதே தெரியும், சண்டை போடப் பயந்தேன். நீ செய்த நாற்காலி இன்னும் ஆடுகிறது, நான் அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்குப் போன் பேசியபோது, எந்திரப் படிப்புக்கு இயற்பியல் கேக்கறாங்கன்னு சொல்லிவிட்டு உடனே அங்கே எத்தனை அடி பனி என்று பேச்சை மாற்றினாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா. என்னை மன்னித்துவிடு.

பத்தாவது கோட்டில் உன் பெயரை எழுதிவிட்டேன். தூரத்தில் இருப்பவர்கள் கணினி வழியாக உட்காரலாமாம், செப்டம்பரிலிருந்து நம் நேரம் காலை ஒன்பது, உனக்கு எட்டு, அதற்கேற்ற ஷிப்டை இப்போதே கேட்டு வாங்கு. அப்பாவுக்கு அருகில் எல்மர் உட்காருகிறார், இருவரும் உன்னைப் பார்த்து எழுதத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள், காட்டாதே. வேண்டாமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், ஆனால் இந்த ஊரில் போட்ட பெயரை யாரும் அடித்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கைக்கு எட்டியது இந்தத் தடவை வாய்க்கும் எட்டட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். உன் பெயரை இந்தத் தடவை பேனாவால் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா
ஓரிசியா