கடல் சேனலில் வந்த வேலம்பாளையம்

மாமா,

கப்பல் அறையில், டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு, வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டச் சொல்கிறீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் டிவி பின்பக்கத்தைப் பார்த்தால் வராமல் இருப்பீர்களா?

நடந்தது இதுதான். மகனும் மருமகளும் என்னைக் கப்பலில் சுற்றிக்காட்டக் கூட்டிவந்திருக்கிறார்கள். பேத்தி பள்ளி ஆண்டு விழாவில் ஆடியதை எல்லோரும் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று மருமகளுக்கு ஆசை. செல்போனை அறை டிவியோடு இணைக்கக் காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறாள். போனுக்கு டிவி தெரிகிறது, டிவிக்குப் போன் யாரென்றே தெரியவில்லை. வயரும் கொண்டுவந்திருக்கிறாள், அதைச் செருகும் இடத்தைத் தகடு போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். கூப்பிட்டதும் வந்த கப்பல் சிப்பந்தி அழகாகச் சிரித்து, முடியாது என்பதை நாலு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார். "விடுங்கப்பா, போன்லயே பாத்துக்கலாம்" என்றான் மகன். எப்படி விடுவது? நான் யாரோடு கூட்டுத்தொழில் செய்தவன் என்று அவனுக்கு மறந்துவிட்டது.

நீங்களும் நானும் ஏறிய அந்த முதல் கப்பலைப் பற்றி அவனிடம் சொன்னேன். பாதி கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். மீதியை உங்களிடமே சொல்லிக்கொள்கிறேன்.

நம் தெருவில் உங்கள் சனமும் எங்கள் சனமும் மாமன், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது தலைமுறைப் பழக்கம். நான் நெற்றி நிறையத் திருநீறும் நீங்கள் தலையில் தொப்பியுமாக ஒரே ஸ்கூட்டரில் போகும்போது வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எண்பதுகளில் நீங்கள் டிவியும், கேசட் போட்டுப் படம் ஓட்டும் டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வேலம்பாளையம் காலனியில் ஏதாவது ஒரு வாசலில் உங்கள் டிவி ஓடும், முன்னால் பனியன் கம்பெனி சனம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். யார் வீட்டு டிவியாக இருந்தாலும் உங்கள் டெக்கை அதில் மாட்டிப் படத்தை வரவழைத்துவிடுவீர்கள். அந்த வாடகைத் தொழில் மெல்லப் படுத்ததும் நீங்களும் நானும் சேர்ந்து அதே வேலம்பாளையத்தில் ஒரு சின்னப் பனியன் யூனிட் போட்டோம். மிஷினும் கணக்கும் என் பொறுப்பு. ஆட்களும் சனிக்கிழமைச் சம்பளமும் உங்கள் பொறுப்பு.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருந்த நிலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்தவர்கள் எடுத்த ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதுவும் குறைந்து, பாதி மிஷின்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. நேரடியாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தால் நடத்துவது, கிடைக்காவிட்டால் பொங்கலோடு பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். அந்த நேரத்தில்தான் கோயமுத்தூர் ஏஜென்ட் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஐரோப்பாவில் குழந்தைகள் துணிக்கடைகள் வைத்திருப்பவர். நம் சாம்பிள் அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் யூனிட்டைப் பார்க்காமல் ஆர்டர் தரமாட்டார். திருப்பூர் வர நேரமும் இல்லை. கணவரோடு சிங்கப்பூர் வந்து கப்பலில் ஓய்வெடுக்கப் போகிறார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நீங்களோ துள்ளிக் குதித்தீர்கள். தையல் மிஷின் டீலர் நம் போன்றவர்களைச் சிங்கப்பூர் டூர் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தார். அதில் கப்பல் பயணமும் உண்டு, கப்பலும் அதே கப்பல். "அந்தம்மா இங்க வரலீன்னா என்னுங்க மாப்ள? யூனிட்டை நாம கப்பலுக்கு எடுத்துட்டுப் போயரலாமுங்க" என்றீர்கள். அரைமணி நேரம் நம் அறைக்கு வந்து வீடியோ பார்க்க அந்த அம்மா சம்மதிக்கும்வரை ஏஜென்ட்டை நீங்கள் விடவேயில்லை.

வீடியோ எடுக்க யார் இருக்கிறார்கள்? திருப்பூரில் கேமரா வைத்திருந்தவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள்தான். உங்கள் மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்தவரையே கூப்பிட்டோம். ஆயுத பூசை அன்று மிஷினெல்லாம் பளபளவென்று இருக்கும் என்று அன்றைக்கே வரச்சொன்னோம். வந்தார், மஞ்சள் விளக்கைப் போட்டார், நாள் முழுக்க எடுத்தார். நான் பூசை வேலையிலும் நீங்கள் பந்தியிலும் இருந்ததால் என்ன எடுத்தார் என்று சரியாகப் பார்க்கவில்லை. மிக்சிங் முடித்துத் தருகிறேன் என்றவர், நாம் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும்போதுதான் கேசட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

டெக்கை நீங்கள் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். கப்பலில் ஏறியவர்கள் எல்லாம் கேமராவும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏறினார்கள். நாம் குழந்தையை ஏந்துவதுபோல ஒரு டெக்கை ஏந்திக்கொண்டு ஏறினோம். டூரில் வந்த மற்ற திருப்பூர்க்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் அன்றே மறந்துவிட்டீர்கள்.

அறைக்குள் போனதும் டிவியைப் பார்த்தோம். பலகையோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். பின்னால் சுவரிலிருந்து வரும் ஒரே ஒரு கேபிள். நம் ஊரில் டெக்கை மாட்டினால் டிவியில் ட்யூனிங் சக்கரத்தைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிப்போம். இங்கே அந்தச் சக்கரத்தை மூடும் சின்னக் கதவுக்கே சீல் வைத்துவிட்டார்கள். ரிமோட்டை அமுக்கினால் கப்பல்காரர்கள் வைத்த சேனல்கள் மட்டும் வந்தன. ஒன்றில் கப்பலின் முன்பக்கக் கேமரா பார்க்கும் கடல் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் சுவர்க் கேபிளைப் பிடுங்கி, டெக்கின் வயரைச் செருகினீர்கள். எல்லாச் சேனலிலும் புள்ளிதான். அந்த அம்மா சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தொழுகைக்கு மேற்கு எது என்று கேட்டு, கப்பல் திரும்புவதற்குள் தொழுது முடித்து, திரும்பி வந்து டெக்கைக் கவிழ்த்துப் போட்டீர்கள்.

"டிவி நம்ம பேச்சைக் கேக்காதுங்க மாப்ள. டெக்கை அது பேச்சைக் கேக்க வெச்சுப் பாக்கலாமுங்க."

டெக்கின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் ஒரு பொடி ஸ்குரூ. அதைத் திருப்பினால் டெக் படத்தை அனுப்பும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டிவியில் கப்பல்காரர்கள் பிடித்துவைத்த ஏதாவது ஒரு சேனலின் மேல் அது போய் உட்கார்ந்தால் போதும். உங்கள் ஸ்குரூ டிரைவரை ஏர்போர்ட் சோதனையில் பிடுங்கிவைத்துக்கொண்டார்கள். என் நகவெட்டியின் முனையை வைத்து நீங்கள் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினீர்கள். நான் ஒவ்வொரு சேனலாக மாற்றி, இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடல் வந்த சேனலில் திடீரென்று ஒரு கோடு ஓடியது. அப்புறம் ஒரு சத்தம், துணி பின்னும் நம் சர்க்குலர் மிஷின் சுற்றும் சத்தம். அப்புறம் மிஷினே வந்தது. நூல் ஓடுவது தெரிந்தது. இத்தனை நேரம் கடல் அலையடித்த இடத்தில் வேலம்பாளையம் நின்றது. உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அந்தக் குறுகிய அறையில் குதித்ததில் டெக் விழப் பார்த்தது.

கேசட் நடுவில் நின்றிருந்ததால் நாம் பார்த்தது அந்த மிஷினை மட்டும்தான். படம் வந்துவிட்டது என்ற குஷியில், ஆரம்பத்துக்கு ஓட்டிவைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தோம்.

அந்த அம்மாவும் கணவரும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். நீங்கள் பெருமையாகப் பட்டனை அமுக்கினீர்கள். நாதஸ்வரம் கொட்டு மேளத்தோடு முழங்கியது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு இதயம் பறந்து வந்தது, அதற்குள் என் முகம். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு இதயம், அதற்குள் உங்கள் முகம். இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டன. மேலே ரோஜாப்பூ கொட்டியது. எனக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாமா என்றிருந்தது. அந்த அம்மா மெதுவாகத் திரும்பி, இது உங்கள் திருமணமா என்று என்னிடம் கேட்டார்.

அதோடு முடிந்ததா? வீடியோக்காரருக்குத் தெரிந்தது கல்யாணம்தான், அதனால் யூனிட்டுக்கே கல்யாணம் செய்து வைத்துவிட்டார். நம் இருவரையும் மாலை போட்ட மிஷின் முன்னால் நிறுத்தி, ஆட்களை வரிசையாக வரச்சொல்லியிருக்கிறார். மொய் கொடுப்பதுபோல ஒவ்வொரு பெண்ணும் பட்டுச்சேலையில் வந்து, மடித்த பனியன் ஒன்றை நம் கையில் கொடுத்து, நம் பக்கத்தில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாள். பூசைக் கூட்டத்தில் நானும் நீங்களும் யோசிக்காமல் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவும் கணவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சரி, பொங்கலோடு பூட்டவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா திரையைக் காட்டி, இந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். நீங்கள் பெயரையும் பார்க்கும் வேலையையும் பட்டென்று சொன்னீர்கள்: செல்வி, ஓவர்லாக். அடுத்தவள்? பாத்திமா, செக்கிங். அடுத்து? கருணையம்மா, அயர்னிங், மகன் பத்தாவது படிக்கிறான். அவர் கேட்கக் கேட்க நீங்கள் சொல்லிக்கொண்டே போனீர்கள். உங்கள் உடைந்த ஆங்கிலம் அன்றைக்கு என்னமாய் ஓடியது! அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது.

அப்போது ஒரு மெலிந்த பெண் திரையில் வந்தாள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தீர்கள். எனக்கும் அவளைத் தெரியவில்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம், லட்சுமி என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் ஜாடை காட்டினேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தை நிறுத்தினீர்கள். அவள் முகத்தின் மேல் ஒரு கோடு நடுங்கிக்கொண்டு நின்றது.

"ஐ டோன்ட் நோ மேடம். நியூ. ஐ ஆஸ்க், ஐ டெல்."

அவர் தலையாட்டினார். மீதியையும் பார்த்தார். நன்றி சொல்லி, கை கொடுத்து, கணவரோடு போய்விட்டார். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கதவு சாத்தியதும் நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெயருக்கா இப்படிப் பஞ்சம் வந்தது என்று கத்தினேன். நீங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"நாளைக்கு அந்தம்மா நம்ம யூனிட்டுக்கு வந்து, அந்தப் புள்ளைய லட்சுமின்னு கூப்புடுமுங்க. அது திரும்பிப் பாக்காதுங்களே மாப்ள."

எனக்கு இருந்த பயத்தில் அந்தப் பதில் மண்டையில் ஏறவே இல்லை. அந்த அம்மா ஒருநாள் நம் வாசலில் வந்து நிற்பார் என்று நீங்கள் அப்போதே நம்பியிருக்கிறீர்கள் மாமா! எனக்கோ அடுத்த மாதம் யாரிடம் வேலை கேட்பது என்ற நினைப்பு.

கோயமுத்தூரில் இறங்கியதும் உங்கள் வீட்டுக்கும் போகவில்லை, என் வீட்டுக்கும் போகவில்லை. பெட்டியோடு நேராக யூனிட். நீங்கள் உள்ளே போய் அந்தப் பெண் முன்னால் நின்றீர்கள். "கண்ணு, உம் பேரென்ன?" என்றீர்கள். முதலாளி ஏன் பெயர் கேட்கிறார் என்று அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். மயிலாத்தா. பொங்கலூர்க்காரி. சேர்ந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் அங்கிருந்து ஃபேக்ஸ் அனுப்பும் கடைக்கு ஓடினீர்கள். அவள் பெயரும் ஊரும் மட்டும் எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பினீர்கள். ஆர்டர் பற்றி ஒரு வரி சேர்க்கலாம் என்று நான் கெஞ்சியும் சேர்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் பதில் வந்தது. குழந்தைகள் இரவில் போடும் சட்டை, மூன்று கலர். ஆர்டர் வந்துவிட்டது! நான் அளவையும் தேதியையும் படித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஓரிடத்தில் விரலை வைத்தீர்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் வாங்குபவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள் அல்லவா? அந்தச் சட்டைக்கு அவர் வைத்த பெயர், மயிலாத்தா.

தூத்துக்குடிக்கு லாரி ஏற்றிய அன்று, அட்டைப்பெட்டி ஒவ்வொன்றின் மேலும் அந்தப் பெயர் இருந்தது. மயிலாத்தாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நீங்கள் அவளைக் கூப்பிட்டு, எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படித்துக் காட்டினீர்கள். அவள் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். நீங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பஞ்சுத் தூசி என்று என்னிடம் பொய் சொன்னீர்கள். நீங்கள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அதற்கப்புறம் யூனிட் பூட்டப்படவே இல்லை. அந்த அம்மாவும் வந்தார், மயிலாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவளும் திரும்பிப் பார்த்தாள். இப்போது சனிக்கிழமைச் சம்பளக் கவர் இல்லை, பணம் பேங்குக்குப் போய்விடுகிறது. ஆட்களும் ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வருகிறார்கள். முகமும் பெயரும் எனக்குப் பிடிபடுவதில்லை. அதனால் டீ நேரத்தில் வாசலில் நின்று கேட்கிறேன். உங்கள் வேலை, இப்போது என்னிடம் இருக்கிறது.

போன வாரம் கப்பலுக்குக் கிளம்புமுன் ஒரு புதுப் பெண்ணிடம் பெயர் கேட்டேன். சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன், மூன்றாவது தடவை தலையாட்டினாள்.

ஜோத்ஸ்னாராணி, மாமா. ஓவர்லாக். ஊர் பாலேஸ்வர்.