உமிக்குள் வைத்த ஐஸ்

என் மகளின் ஞானத்தாயே, கொமாத்ரே,

அன்று மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் ஆலை ஐஸ் அனுப்புமா என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து சோல் காசுக்கு விற்ற ஐஸ் கட்டியின் விலையை இருபதாக்கினேன். நாலு கட்டியை உமிக்குள் புதைத்தேன். கடை வைத்துப் பார், உனக்கும் புரியும்.

மீன் பிடிக்கக் கடலுக்குக் கிளம்பிய உன் கணவர் எலியோதோரோ, அதே ஞான உறவு சொல்லி, "கொமாத்ரே, ஒரு கட்டியாவது குடுங்க" என்றார்.

"சத்தியமா இல்ல, கொம்பாத்ரே" என்றேன்.

விடிந்ததும் ஆலை லாரி நிறைய அனுப்பியது, விலை விழுந்தது. மதியம் அவர் கெட்டுப்போன மீனோடு திரும்பியபோது, என் கதவடியிலிருந்து தண்ணீர் தெருவரை வழிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டுப் பின்னால் வந்தவர்களிடம், "பாத்து வாங்கப்பா, வழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிறாள். உன் கையைப் பிடித்துத்தான் நடப்பாளாம். வந்துவிடு. நான் கடைசி வரிசையில் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் கடைக்காரி